சிலாந்தேக் கரித்துண்டு

காளியண்ணனிடம் கரியைப் பற்றி யாரும் வாய் கொடுத்துவிடக் கூடாது என்று கோலா சிலாங்கூர் சந்தைப் பக்கம் ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. கொடுத்தால் பெர்லிசில் தொடங்குவார். சபாவில் கொண்டுபோய்த்தான் இறக்கிவிடுவார். "இந்த நாட்டுல கரி எங்கெங்க கெடக்குது தெரியுமா?" என்று அவர் தேத்தண்ணீர்க் கோப்பையை நகர்த்தி வைக்கும்போதே எதிரில் இருப்பவருக்கு வீட்டில் ஏதாவது அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். பாவம், மனிதருக்கு அது புரியாது. எழுந்து ஓடுகிறவர் முதுகைப் பார்த்தாவது மூக்கா கரிக்கும் மெரிட் கரிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி முடிப்பார்.

ஐந்து வருடமாக அந்தத் தொல்லை யாருக்கும் இல்லை. அதே கடையில், அதே மூலையில் தனியாக உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகிறார். யாராவது சீண்டுவதற்காக, "என்னண்ணே, கரிக்கதை ஒன்னையும் காணோம்?" என்று கேட்டால், "அதான் எல்லாம் எரிஞ்சு போச்சே லா" என்று சொல்லிவிட்டுக் காசை வைத்து எழுந்துவிடுவார்.

அவருக்கு இப்போது வயது அறுபத்து நான்கு. பெஸ்தாரி ஜெயாவுக்கு உள்ளே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். இவருக்குக் கத்தி பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வயதில், நிலக்கரி தேடிப் பூமியைத் துளைத்துப் பார்க்கும் கூட்டத்துக்குக் கூலியாள் வேண்டும் என்று யாரோ சொல்ல, ஒரு துணிப்பையோடு கிளம்பினார். குழாயை இறக்குவது, அதோடு மேலே வரும் மண்ணைப் பெட்டியில் அடுக்குவது, எத்தனை அடியில் என்ன வந்தது என்று எழுதுவது. எழுத்து குண்டு குண்டாக, கோடு போட்டது மாதிரி இருந்ததால் கூலியாள் ஆறே மாதத்தில் எழுதுகிறவர் ஆனார். அடுத்த வருடம் சரவாக்குக்கு அனுப்பினார்கள்.

பதினெட்டு வருடம் அங்கே. மூக்காவின் சதுப்புக் காடு, ராஜாங் ஆற்றில் படகேறிப் போகும் மெரிட், ஸ்ரீ அமான் பக்கத்துச் சிலாந்தேக். முகாமில் அந்தக் காட்டுப் பூர்வகுடிகளான ஈபான்காரர்கள் உண்டு, சீனர்கள் உண்டு. தமிழ் பேச ஓர் ஆள் கிடையாது. மழைக்காலத்தில் படகு வராமல் போனால் மாதக்கணக்கில் தமிழே காதில் விழாது. அந்த நாட்களில் பெட்டியில் கிடக்கும் கரியோடு பேசத் தொடங்கியதாக அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். "அது ஒன்னும் திருப்பிக் கேக்காது பாரு, அதான் சொகம்" என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். மனைவி அம்சவள்ளி சிரிக்க மாட்டாள்.

அம்சவள்ளி கோலா சிலாங்கூரில் ஒரு சின்னத் தரைவீட்டில் மகள் ஷர்மினியை வைத்துக்கொண்டு இருந்தாள். காளியண்ணன் வருடத்துக்கு இரண்டு தடவை வருவார், தீபாவளிக்கு ஒன்று, பள்ளி விடுமுறைக்கு ஒன்று. மற்ற அப்பாக்கள் பொம்மை வாங்கி வருவார்கள். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "இது எந்த ஊரு? சொல்லு பாப்போம்" என்பார்.

அந்த விளையாட்டு மகளுக்கு எப்படியோ பிடித்துப்போனது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அதில் கரியைத் தேய்ப்பாள். கோடு பழுப்பாக விழுந்து, துண்டும் ஈரமாய்க் கனத்தால் மூக்கா. "இது இன்னும் பாதி மரம். கரியாகத் தெரியாம முழிச்சிக்கிட்டு இருக்கு" என்பார் காளியண்ணன். கோடு கறுத்து, கையும் கறுத்தால் மெரிட். கை கறுத்தாலும் எடை குறைவாக, அடுக்கடுக்காக உடைந்தால் பத்து ஆராங். அது நம் சிலாங்கூர்க் கரி. ரயிலெல்லாம் அதில் ஓடி, சுரங்கத்தை அறுபதிலேயே மூடியும் விட்டார்கள். ஒரே ஒரு கரி மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் கையில் ஒட்டாது. கண்ணாடி மாதிரி மின்னும். அது சிலாந்தேக். அந்தப் பூமி கீழே அழுத்தி, சுட்டு, மடித்து, கரியைக் கல்லாக்கி வைத்திருக்கிறது. "நாட்டுலயே அதான் ராஜா" என்பார். மகள் உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். சுத்தமாக இருக்கும்.

ராஜாங் ஆற்றங்கரைக் காப்பிட் ஊரில் ஒரு சீனத் தச்சர் அவருக்கு இரும்பு மாதிரி கனக்கும் பிளியான் மரத்தில் ஒன்பது அறைப் பெட்டி ஒன்று செய்து கொடுத்தார். அறைக்கு ஓர் ஊர். பெர்லிஸ் எல்லையில் இருக்கும் புக்கிட் ஆராங்கிலிருந்து ஒரு துண்டு, கோலா கங்சார் பக்கம் எங்கோரில் ஒன்று, லாபுவான் பழைய சுரங்கத்தில் ஒன்று, தாவாவுக்கு மேலே சிலிம்போப்போனில் ஒன்று என்று இருபது வருடத்தில் எட்டு அறை நிறைந்தது. ஒன்பதாவது சபாக் காட்டுக்குள் இருக்கும் மாலியாவ். அந்தக் காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட எடுத்து வரக்கூடாது என்று சட்டம். அதனால் பெயரை மட்டும் எழுதி ஒட்டிவிட்டு அறையைக் காலியாக விட்டிருந்தார். களவாகக் கொண்டுவந்து தருகிறேன் என்று ஒருவன் சொன்னபோது அவனிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டிக்குப் பராமரிப்பும் உண்டு. மூக்கா போன்ற இளங்கரி காற்றில் காய்ந்தால் வெடித்துப் பொடியாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டுவார். பெண்டாட்டி பிள்ளையை அப்படி யாராவது சுற்றிச் சுற்றிப் பார்த்திருந்தால் கோயில் கட்டியிருப்பார்கள்.

இரண்டாயிரத்தில் ஊருக்குத் திரும்பினார். தெற்கே கடலோரத்தில் கரிக்கப்பல் வரும் துறைமுகத்தில் தரம் பார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை. இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் மலை மலையாகக் கரி வந்து இறங்கும். "நம்ம கரி காட்டுல தூங்குது, அடுத்தவன் கரியில நம்ம வீட்டு லைட்டு எரியுது" என்று அங்கலாய்ப்பார். இறங்குகிற கரியிலிருந்து அள்ளி, கூம்பாகக் குவித்து, தட்டி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை எடுத்து மறுபடி குவித்து, கடைசியில் மூன்று பையில் கட்டவேண்டும். ஒன்று வாங்குகிறவனுக்கு, ஒன்று விற்கிறவனுக்கு. மூன்றாவதை முத்திரை வைத்து அலமாரியில் பூட்டிவிடுவார்கள். சண்டை வந்தால்தான் அதைத் திறப்பார்கள். வராவிட்டால் மூன்று மாதம் கழித்து வெளியே கொட்டிவிடுவார்கள். காளியண்ணன் பார்த்த இருபது வருடத்தில் மூன்றாவது பையைத் தேடி வந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

வீட்டிலும் அதே வழக்கம்தான். அரிசி மூட்டை வந்தால் தரையில் கூம்பாகக் குவித்து நாலாகப் பிரித்து வண்டு பார்ப்பார். "ஒரு மூட்டை அரிசிக்கு இவ்வளவு அலம்பலா?" என்று அம்சவள்ளி துடைப்பத்தோடு நிற்பாள்.

இனி ஐந்து வருடத்துக்கு முந்திய அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஷர்மினிக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மாப்பிள்ளை ஜீவன் ரவாங்கில் தொழிற்சாலை வேலை, குடியிருப்பது புக்கிட் செந்தோசாவில். மகளும் மாப்பிள்ளையும் வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப மாலை ஆறரை ஆகிவிட்டது. அம்சவள்ளி சம்பந்தியம்மாள் நாகமணிக்கென்று நாட்டுக்கோழி வறுவலைத் தூக்குப்பாத்திரத்தில் வைத்தாள். கவிச்சி, அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில் வழியில் போகிறது. மேலே ஒரு கரித்துண்டு வைக்காமல் அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? காத்து கருப்பு அண்டாமல் இருக்க வைப்பதும், போய்ச் சேர்ந்ததும் வாசலிலேயே அதை எடுத்து வீசிவிட்டு உள்ளே போவதும் லயத்துக் காலத்திலிருந்து வருகிற பழக்கம். ஆனால் கேஸ் அடுப்பு வைத்த வீட்டில் கரிக்கு எங்கே போவது? காளியண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். அம்சவள்ளி அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து மூடிமேல் வைத்துக் கட்டிவிட்டாள். கரி கரிதானே.

அடுத்த நாள் மாலை, ஆறு மாதக் கணக்குப்படி பெட்டியைத் திறந்த காளியண்ணன் சிலாந்தேக் அறை காலியாய் இருப்பதைப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கண் மண் தெரியவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா சொன்னதல்ல. அப்போதே மகளுக்குப் போன் போட்டார். அவள் மாமியாருக்குப் பக்கத்தில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை ஈரமாய் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

"அந்தக் கரி எங்க?"

"எந்தக் கரிப்பா?"

"ஒங்கம்மா புத்தி கெட்டுப் போயி கட்டி அனுப்பிச்சாளே, அந்தக் கரி!"

"அத்தை வாசல்ல எடுத்துப் போட்டுட்டாங்கப்பா. எப்பவும் போடறதுதானே."

"போய்த் தேடு. லொங்காங்ல எறங்கித் தேடு. அது என்னன்னு தெரியுமா ஒங்க யாருக்காச்சும்? இருவது வருஷம் வச்சிருந்தேன்!"

புது மருமகள், மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, வாசல் சாக்கடை ஓரம் குனிந்து தேடினாள். கால் மணி நேரம் கழித்து, "கெடைக்கலப்பா" என்று மட்டும் சொன்னாள். குரல் உடைந்திருந்தது. அப்பாவுக்கு அது காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து அவர் மனைவியோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே மேசை. அம்சவள்ளி சுவரைப் பார்த்து, "சோறு எடுத்து வச்சிருக்கு" என்பாள். இவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பார். பதினெட்டு வருடம் பேச ஆளில்லாமல் காட்டில் கிடந்தவர், பேச ஆள் இருக்கும் வீட்டில் பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் அவர் துறைமுகத்தில் இருந்தபோது அம்சவள்ளி சமையலறையில் விழுந்தாள். பக்கத்து வீட்டு நல்லம்மாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காளியண்ணன் வேலை உடுப்போடு ஓடிப்போய்க் கட்டிலருகே நின்று, "அம்சா, அம்சா" என்று கூப்பிட்டார். இரண்டு நாள் கூப்பிட்டார். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

காரியம் முடிந்த அன்று ஷர்மினி பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அழவில்லை. "அம்மாகூட பேசாம இருந்தீங்க இல்ல? இனிமே அந்தக் கரிகூடவே பேசிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். கார் தெருமுனை திரும்பும்வரை காளியண்ணன் வாசலிலேயே நின்றார்.

இரண்டு வாரம் கழித்து நல்லம்மாள் வேலியோரம் நின்று பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அன்னிக்கு நா கறிவேப்பிலை கேட்டு வந்தேண்ணே. அக்கா அந்தப் பொட்டியைத் தொறந்து வச்சிக்கிட்டு, ஒவ்வொரு துண்டா எடுத்து உள்ளங்கையில தேச்சுத் தேச்சுப் பாத்துச்சு. என்னக்கா பண்றேன்னேன். புள்ள புதுச் சீலை கட்டியிருக்கா, கரி படிஞ்சிடக் கூடாதுன்னுச்சு. கடைசியில ஒன்னை எடுத்து, 'இதான் நல்லம்மா, கையில ஒட்டவே இல்ல'ன்னு அதைக் கட்டுச்சு."

காளியண்ணன் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். நாட்டிலேயே சிறந்த கரியைக் கண்டுபிடிக்க அவருக்குக் குழாயும் கூடாரமும் பதினெட்டு வருடமும் தேவைப்பட்டன. பெட்டியில் ஒட்டிய பெயரைப் படிக்கத் தெரியாத ஒருத்தி, மகள் சேலை அழுக்காகக் கூடாது என்பதற்காக அதே கரியை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கிறாள். அதற்குத்தான் அவர் பதினோரு நாள் தண்டனை கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர், பிறகு அதைத் தொடவில்லை.

மறு வருடம் ஓய்வு கொடுத்தார்கள். கொரோனா வந்து ஊரே அடைந்து கிடந்தது. மற்றவர்களுக்குத்தான் அது புதுசு. காளியண்ணனுக்கு ஆற்றோரம் நடப்பதும், சந்தைப் பக்கம் போய் அரிசி வாங்குவதும், ஒரு கைப்பிடி பொங்கி மூன்று வேளை சாப்பிடுவதுமாக நாள் போனது. அரிசியைக் குவித்துப் பார்ப்பதை விட்டுவிட்டார். வண்டு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளுக்கு ஒரு தடவை போன் செய்வார். மணி அடித்து அடித்து நிற்கும். தீபாவளிக்கு மட்டும் மாப்பிள்ளை எடுத்து, "நல்லா இருக்கா மாமா, வேலையா இருக்கா" என்பான். அவன் நல்ல பிள்ளை. பொய் சொல்லத் தெரியாது.

போன மாதம் நல்லம்மாள் மறுபடி வேலியோரம் வந்தாள். அவள் தங்கை மகள் புக்கிட் செந்தோசாவில் இருக்கிறாள்.

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா? ஷர்மினி முழுகாம இருக்கு. ஏழு மாசமாம்."

காளியண்ணன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து. ஏழாம் மாதம் தாய்வீட்டுச் சோறு போகவேண்டும். போவதற்குத் தாய் இல்லை. தாய்வீடு என்று இருப்பது இந்த ஒரு கிழவன்தான். மகள் தன் கையால் ஒரு வாய் வாங்கித் தின்றுவிட்டால் போதும், செத்தாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. வாங்காவிட்டால் இனி என்றைக்கும் இல்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தாத்தா என்று ஒருவர் இருந்ததே தெரியாமல் போகும்.

ஜீவனைக் கூப்பிட்டார். அவன், "சனிக்கிழமை வாங்க மாமா. நா அவகிட்ட சொல்லல. சொன்னா வேணாம்னுடுவா" என்றான்.

சனிக்கிழமை விடியலிலேயே எழுந்தார். முகாமில் இருபது பேருக்குச் சமைத்த கைதான் அது. ஆனால் அம்சவள்ளி மாதிரி மிளகும் சோம்பும் கையால் இடித்து, நாட்டுக்கோழியை வறுத்தெடுக்க மதியம் தாண்டிவிட்டது. ருசி பார்த்தார். அவள் கை இல்லை. இருந்தாலும் அவள் பக்கம்தான். தூக்குப்பாத்திரத்தில் வைத்து மூடியை அழுத்தியபோது மணி நாலு. அப்போதுதான் கரி ஞாபகம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குப் போகும் கவிச்சி. கரி இல்லாமல் எப்படி?

பலசரக்குக் கடைக்குப் போனால் கறி சுடும் கரி மூட்டையாக இருக்கும். அங்கேதான் மனிதரின் பழைய வீம்பு தலை தூக்கியது. மரத்தைச் சுட்டு மூட்டையில் போட்டதெல்லாம் ஒரு கரியா? என் மகளுக்கு நான் கடைக்கரியா வைப்பேன்? கட்டிலுக்கு அடியில் கைவிட்டுப் பெட்டியை இழுத்தார்.

மூடியைத் திறந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூக்கா அறையில் பழுப்புத் தூள். புக்கிட் ஆராங்கும் தூள். பத்து ஆராங் சில்லுச் சில்லாகப் பிரிந்து கிடந்தது. மெரிட் துண்டு மட்டும் முழுசாகத் தெரிந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தார். விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. எங்கோரும் லாபுவானும் சிலிம்போப்போனும் தொட்டதுமே இரண்டு மூன்றாகப் பிளந்து, கையெல்லாம் அப்பியது. ஐந்து வருடம் ஈரத்துணி காணாத கரி வேறு எப்படி இருக்கும்? எதற்காகப் பெண்டாட்டியைப் பேச்சில்லாமல் பட்டினி போட்டாரோ, அது இதோ, ஒரு முறம் குப்பை. அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடிக்கு அடியில் கவிழ்த்தார்.

கை கழுவி, மோட்டார் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டியபோது ஐந்தாகிவிட்டது. போகிற வழிதானே பத்து ஆராங், அங்கே ஒரு துண்டு கிடைக்காமலா போகும் என்று கிளம்பினார்.

ஈஜோக் தாண்டி, பெஸ்தாரி ஜெயா தாண்டி, செம்பனைக் காட்டு நடுவே பத்து ஆராங் வந்து சேர்ந்தார். பழைய செங்கல் புகைபோக்கி மரங்களுக்கு மேலே நின்றது. சாலையோரக் கடையில் விசாரித்தார். கடைக்காரர் தமிழர்தான்.

"கரியா? அண்ணே, அதெல்லாம் மூடி அறுவது வருசத்துக்கு மேல ஆச்சு. எங்க தாத்தாவே கடைசி ஆளு. இப்ப சாத்தே கறி சுடவே நாங்க வெளிய வாங்குறோம் லா" என்று சிரித்தார்.

காளியண்ணன் விடவில்லை. மண்ணை வெட்டிவிட்டிருந்த ஒரு மேட்டில் ஏறிக் காலால் கிளறினார். ஒரு மணி நேரம் கிளறினார். கடைசியில் கறுப்பாக ஒரு துண்டு அகப்பட்டது. பார்க்கிற எவனும் கரி என்றுதான் சொல்வான். காளியண்ணன் நகத்தால் கீறினார். களிக்கல். கரிக்கு மேலே படுத்திருக்கும் வெறும் கல். வைத்துக் கட்டினால் மகளுக்குத் தெரியவா போகிறது என்று ஒரு நொடி நினைத்தார். ஆனால் கல்லைக் கரி என்று சொல்லி ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை அவர். தூக்கி எறிந்துவிட்டு வண்டியை எடுத்தார். கரி இல்லாமல் போவது தப்பு. பொய்யோடு போவது அதைவிடத் தப்பு.

புக்கிட் செந்தோசாவில் மகள் வீட்டு வாசலில் நின்றபோது மேற்கே சிவந்துவிட்டது. பக்கத்து வீடுகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். கேட் பூட்டியிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தது ஜீவன் இல்லை, ஷர்மினி. வயிறு தள்ளி, முகம் உப்பி, நடையில் அப்படியே அம்சவள்ளி. காளியண்ணன் வண்டியில் கட்டியிருந்த பாத்திரத்தை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

அவள் கேட்டுக்கு உள்ளேயே நின்றாள். "எதுக்கு வந்தீங்க?"

"கோழி... ஒங்கம்மா மாதிரி வறுத்தேன்மா. ஏழாம் மாசம்னாங்க."

அவள் பார்வை அவர் முகத்தைவிட்டுப் பாத்திரத்துக்குப் போனது. மூடிமேல் ஒன்றும் இல்லை.

"பொழுது எறங்கிடுச்சு. கரி வைக்கல?"

"இல்லம்மா." காளியண்ணன் வெறும் மூடியைத் தடவினார். "பொட்டியில இருந்ததெல்லாம் பொடியாப் போச்சு. கொட்டிட்டேன். பத்து ஆராங்ல தேடினேன், கெடைக்கல. அன்னிக்கு... அன்னிக்கு ஒங்கம்மா எடுத்தது சரியான கரிம்மா. நாந்தான் தப்பு. அவகிட்ட சொல்ல முடியாமப் போச்சு. ஒங்கிட்டயாச்சும் சொல்லிடறேன்."

ஷர்மினி திரும்பினாள். மெதுவாக உள்ளே போனாள். கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது.

அவ்வளவுதான் என்று காளியண்ணன் நினைத்தார். பாத்திரத்தைக் கேட் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகலாமா என்று பார்த்தார். கரி இல்லாத கவிச்சியை ஒரு பிள்ளைத்தாய்ச்சி வாசலில் வைத்துவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எதிர்வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது.

கதவு திறந்தது. ஷர்மினி ஒரு கையில் சாவியோடும், மூடிய மறு கையோடும் வந்தாள். கேட்டைத் திறந்து அவர் முன்னால் நின்று விரலை விரித்தாள். உள்ளங்கையில் கறுப்பாய், கண்ணாடியாய் மின்னிக்கொண்டு அந்தத் துண்டு கிடந்தது.

"அன்னிக்கே கெடைச்சிடுச்சுப்பா. குடுக்கப் புடிக்கல, அதான் இல்லைன்னேன்" என்றாள். "அப்புறம் அம்மா போயிட்டாங்க. அம்மா கடைசியா எனக்குக் கட்டிக் குடுத்தது இதுதான். சாமி மேடையில வச்சிருக்கேன்."

அவர் பார்க்கப் பார்க்க அந்தத் துண்டை எடுத்துப் பாத்திரத்தின் மூடிமேல் வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். கரி வைத்திருந்த உள்ளங்கையில் ஒரு கோடு கறுப்புகூட இல்லை.

வாசற்படி வந்ததும் நின்று, கரியை எடுத்தாள். பழக்கப்படி அதை வெளியே வீசவேண்டும். வீசவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு வேணுமா?"

காளியண்ணன் தலையை ஆட்டினார். "வேணாம்மா. அது இங்கயே இருக்கட்டும்."

"அப்ப உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் மகள்.